விட்டுப்போனவர்

டண்டீ பஸ் டிப்போவில்
கழிப்பறைக்கும் சில்லறை எண்ணும் அறைக்கும் நடுவே
தொலைந்தவற்றுக்கு ஓர் அறை.
மாரிகா அங்கே வேலைக்கு வந்து ஏழு மாதம்.

அவள் பிறந்த எஸ்தோனியாவில்
அவனும் 'தா', அவளும் 'தா',
மேசையில் ஆறிக்கொண்டிருக்கும் சூப்பும் சில சமயம் 'தா'.
இங்கே குடையைத் தேடிக் கொடுத்தால்
'டா' என்று நன்றி சொல்லிப் போகிறார்கள்.
முதல் வாரம் முழுக்க
யாரைச் சொல்கிறார்கள் என்று
திரும்பித் திரும்பிப் பார்த்தாள்.

இலக்கணப் புத்தகமே
இருபத்திரண்டாம் நம்பர் பஸ்ஸில் யாரோ விட்டதுதான்.
மூன்று மாதம் எவரும் கேட்டு வரவில்லை.
விதிப்படி அது 'நோபடீஸ்' ஆகி
ஒரு வெள்ளிக்கிழமை 'மைன்' ஆனது.

பிரதிப்பெயர்களை அலமாரியில் வைத்துப் படித்தாள்.
கைக்கெட்டும் தட்டில் திஸ்.
ஏணி வேண்டுமென்றால் தட்.
கையுறைக் கூடை மொத்தமும் தீஸ்.
ஹூஸ் என்பது
பல்செட்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு
வரிசையில் நிற்பவர்களிடம் கேட்க முடியாத கேள்வி.
ஈச் அதருக்கு மட்டும் உதாரணம் அகப்படவில்லை;
அங்கே இருந்ததெல்லாம் ஒற்றைக் கையுறை.

பிப்ரவரியில் மாடி பஸ்ஸின் பின்சீட்டிலிருந்து
ஒரு பச்சைப் பிளாஸ்டிக் குடுவை வந்தது.
திருகி இறுக்கிய மூடி. இரண்டரைக் கிலோ சாம்பல்.
ஒட்டியிருந்த சீட்டில்: எர்ஸ்கின் ஸ்டர்ராக்.
பதிவேட்டில், வரிசை பதினாலில்,
'இட்' என்று எழுதினாள்.
புத்தகம் சொன்னபடிதான்.
நம் இலக்கணமும் அஃறிணை என்றே சொல்லும்.
பிழையென்று யாரும் கை வைக்க முடியாது.

மறுநாள் இரண்டு பெண்கள்.
அக்கா தங்கை என்றது மூக்கு.
நின்ற தூரம் அப்படிச் சொல்லவில்லை.
"ஹிம் இங்கே இருக்கிறாரா?" என்றாள் மூத்தவள் மைரி.
மாரிகா கதவுப் பக்கம் எட்டிப் பார்த்தாள்.
ஆண்பிள்ளை எவரும் இல்லை.
"பச்சைக் குடுவை" என்றாள் டேவினா.

எங்கே விட்டது, யார் விட்டது,
படிவம் கேட்கிறது.
"சம்படி" என்றாள் மைரி, தங்கையைப் பாராமல்.
"சம்படி" என்றாள் டேவினா, கூரையைப் பார்த்து.
அந்தச் சொல்லுக்குள்
முதுகோடு முதுகாக இரண்டு பேர்
பதினோரு வருடம் உட்காரலாம் போல.
"ஹிம்செல்ஃபே இறங்காமல் விட்டிருப்பார்.
என்றைக்கு அவர் ஒழுங்கான நிறுத்தத்தில்
விழித்திருக்கிறார்?"
டேவினா சொன்னதும்
மைரிக்குச் சிரிப்பு உதட்டுவரை வந்தது.
அங்கேயே நின்றது.

உறவு என்ற கட்டத்தில்
மைரி 'மை' என்று எழுதி, மேலே எழுதாமல் நின்றாள்.
டேவினா பேனாவை வாங்கினாள்.
அதை அடித்துவிட்டு, பக்கத்தில்
'அவர்' என்று எழுதி, டாட் என்று முடித்தாள்.
ஆங்கிலத்தில் அதற்கு எங்கள் என்று பொருள்.
இதைத் தமிழில் எழுதுகிற எனக்கு
வேறொன்றும் கேட்கிறது.
நான் சொல்ல வேண்டியதில்லை.

குடுவையை ஒருத்தி தூக்கினாள்.
மூடி இறுக்கமா என்று மற்றவள் திருகிப் பார்த்தாள்.
வெளியே சாய்ந்து அடிக்கும் மழை.
ஆளுக்கொரு கதவு.
ஜன்னல் வழியே மாரிகாவுக்கு
ஈச் தெரிந்தது;
அதர், நின்றுகொண்டிருந்த பஸ்ஸுக்கு அந்தப் பக்கம்.

மாதக் கடைசியில் மேற்பார்வையாளர்
பதிவேட்டில் விரல் வைத்து நிறுத்தினார்.
"பதினாலில் இட்டை அடித்துவிட்டு
ஹீ போட்டிருக்கிறாய்.
ஆட்களை நாம் இங்கே வைப்பதில்லையே, மாரிகா?"

"ஒரு ராத்திரிதான்" என்றாள்.
அடுத்த குடையில்
சீட்டுக் கட்டத் தொடங்கினாள்.